ஐந்து பிடி உப்பு

என்னைப் பெண் கேட்டு விடத்தல்தீவுக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த வள்ளம் இருக்கிறது, இயந்திரம் புதிது, வீடு ஓட்டு வீடு, பேசாலைக் கோயிலுக்குக் கூப்பிடு தூரம், மாமியாருக்கு வாய் கொஞ்சம் நீளம், மனம் வெள்ளை. மாமனார் எப்படி என்று என் அப்பா கேட்டார். "அவர் ஒரு சோலிக்கும் போகாத மனிசன். விடியக் கஞ்சி காய்ச்சுவார், பூசைக்குப் போவார், அவ்வளவுதான்" என்றார் தரகர். கஞ்சி காய்ச்சுகிற மாமனார் என்றதும் என் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். பிள்ளைக்கு விடிய எழும்பி அடுப்பு மூட்டுகிற வேலை மிச்சம் என்று அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டா. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள். எனக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரே ஒரு உண்மையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கலியாணத்துக்கு அடுத்த நாள் கோழி கூவமுன்னமே எழும்பி, நல்ல மருமகள் என்று பெயர் எடுக்கிற ஆசையோடு குசினிக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் பலகைக்கட்டையில் மாமா இருந்தார். கடலில் கறுத்த பெரிய உடம்பு. வலது கையில் அகப்பை, இடது கையில் செபமாலை. பன்னாடையும் பனைமட்டையும் எரிந்துகொண்டிருந்தன. "மாமா, நீங்கள் எழும்புங்கோ. நான் காய்ச்சிறன்" என்றேன். அவர் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பின்னாலிருந்து மாமி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தா.

"இஞ்சால வா பிள்ளை. மனிசன் இப்ப நாலாம் இரகசியத்தில நிக்கிறார். இடையில கதை குடுத்தால் திரும்ப முதல்ல இருந்து துவங்குவார். அரிசி களியாப் போகும்."

மாமாவுக்கு மணிக்கூட்டில் நம்பிக்கை கிடையாது. கஞ்சிக்கு நேரம் பார்ப்பது செபமாலையால்தான். செபமாலைக்கு ஐந்து பங்கு, ஒவ்வொரு பங்கும் ஒரு தேவ இரகசியம். விசுவாசப் பிரமாணம் சொல்லியபடி நானாட்டான் சிவப்பரிசியைக் கழுவுவார். முதலாம் தேவ இரகசியத்துக்கு உலை கொதித்து அரிசி விழும். இரண்டாவதுக்கு வறுத்த பயறும் உள்ளியும். மூன்றாவதுக்கு அரிசி மலர வேண்டும், மலராவிட்டால் அது அரிசியின் பாவம். நாலாவதுக்குத் தேங்காய்ப்பால். ஐந்தாவதுக்கு வேலியில் படர்ந்த முசுட்டை இலையை இடித்துப் பிழிந்த சாறு. ஒவ்வொரு இரகசியமும் முடிய, திரித்துவப் புகழ் சொல்லி, பக்கத்துச் சட்டியிலிருந்து ஒரு பிடி கல்லுப்பு அள்ளிப் போடுவார். ஆக ஐந்து இரகசியம், ஐந்து பிடி. வள்ளத்தில் தண்டு வலித்த கையின் பிடி அது, சின்னப் பிடி இல்லை.

போடுவார், ஆனால் ருசி பார்க்கமாட்டார். அதுதான் தரகர் விட்டுவிட்ட உண்மை.

பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவர் பாதிச் சாமத்திலிருந்து பச்சைத்தண்ணீரும் பல்லில் படவிடக்கூடாது என்பது அவர் சின்ன வயதில் படித்த சட்டம். அந்தச் சட்டம் மாறி, ஒரு மணித்தியாலம் போதும் என்று திருச்சபை சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது. பங்குச் சுவாமி வீட்டுக்கே வந்து சொன்னார். மாமா கதிரையைத் துடைத்து அவரை இருத்தி, மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அது உங்களுக்குச் சுவாமி. எனக்குப் பழசு போதும்" என்றார். சுவாமிக்கும் ஒரு தகரப் பேணியில் கஞ்சி கொடுத்தோம். அவர் அதற்குப் பிறகு காலை வேளையில் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"நாக்கில ஒரு சொட்டு வைச்சுப் பாத்திட்டுத் துப்புங்கோவன்" என்று மாமி ஒருநாள் சொல்லிப் பார்த்தா.

"கர்த்தர் தந்ததைத் துப்புறதோ?" என்றார் மாமா. "ஆக்கிறவன் ருசி பாத்தால் அது அவன்ர கஞ்சி. பாக்காமல் குடுத்தால்தான் அது கர்த்தர்ர கஞ்சி."

"கர்த்தருக்கு உப்புக் கூடினால் பிரஷர் வராதோ?"

மாமா செபமாலையை உதட்டில் ஒற்றி முத்தி செய்து ஆணியில் கொழுவிவிட்டுப் பூசைக்கு வெளிக்கிட்டார்.

உப்பு எந்த நாளும் ஒன்றுதான். மற்றக் குற்றங்கள்தான் நாளுக்கு நாள் மாறும். திங்களும் வியாழனும் சந்தோச தேவ இரகசியம். கபிரியேல் தூதர் வருகிறார், பாலன் பிறக்கிறார், மாமாவுக்குச் சந்தோசப் புளுகம் தாங்காது. செபம் ஓட்டமாய் ஓடும், அரிசி பல்லில் நறுக்கென்று கடிபடும். செவ்வாயும் வெள்ளியும் துக்க தேவ இரகசியம். கற்றூணில் கட்டி அடிக்கிற இடம் வந்தால் மாமாவின் குரல் உடையும், அகப்பை நின்றுவிடும், கண்ணீர் தாடையால் வழியும். கஞ்சி அடிப்பிடித்து வீடெல்லாம் புகை மணக்கும். புதன், சனி, ஞாயிறு மகிமை. அந்த மூன்று நாளும் அரிசி பதமாக வேகும், உப்பு மட்டும் கரிக்கும். நாள்காட்டி பார்க்காமலே இன்றைக்கு என்ன கிழமை என்று எங்கள் வீட்டில் நாக்குச் சொல்லும்.

கனடாவில் இருக்கிற என் மகள் போன மாதம் தொலைபேசியில் சொன்னாள், அங்கே விடியக் காலையில் பேசாமல் இருந்து, மனதை ஒரு இடத்தில் நிறுத்தி, மெல்ல மெல்லக் கஞ்சி காய்ச்சப் பழக்குகிறார்களாம். உடம்புக்கும் நல்லதாம், மனதுக்கும் நல்லதாம். "உன்ர அப்பப்பா அதைத்தானே பிள்ளை செய்தவர்" என்றேன். "அப்ப எவ்வளவு நல்ல கஞ்சியா இருந்திருக்கும் அம்மா!" என்றாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே நாங்கள் சண்டைப் பயத்தில் அவளை விடத்தல்தீவில் என் அம்மாவோடு விட்டுவிட்டோம். அவள் அந்தக் கஞ்சி குடித்ததில்லை. மனம் ஒரு இடத்தில் நின்றால் கஞ்சி நன்றாக வரும் என்று யார் சொன்னது? மாமாவின் மனம் கல்வாரியில் நின்றது. கஞ்சி அடுப்பில் நின்றது.

ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கலியாணம் முடிந்த கிழமையே இவரைக் கேட்டேன். இவர் என்று நான் சொல்வது என் மனிசனை. மாமாவின் ஒரே மகன்.

இவர் மீசை முளைக்காத வயதில் கடலுக்குப் போன ஒரு நாள் காற்று எழும்பியதாம். மற்ற வள்ளங்களெல்லாம் திரும்பிவிட, இவர் போன வள்ளம் திரும்பவில்லை. ஊர் முழுவதும் கரையில் நின்று அழுதபோது மாமா வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டி, பெரிய கிடாரத்தை ஏற்றினாராம். "பிள்ளை வந்து குடிக்குமட்டும் நான் இதில வாய் வைக்கமாட்டன்" என்று மாதாவுக்கு நேர்ந்து, செபமாலை சொல்லிச் சொல்லிக் கஞ்சி காய்ச்சினாராம். இவர்கள் வந்து சேர்ந்தார்கள். கிடாரத்தைச் சுற்றி இருந்து குடித்தார்கள். பிள்ளை வந்து குடித்த பிறகும், வாய் வைக்கமாட்டேன் என்ற சொல்லை மாமா திருப்பி எடுக்கவேயில்லை. அந்த வீட்டிலிருந்து கஞ்சி குடித்துப் போன ஒருவரையும் அதன்பின் கடல் கொண்டுபோகவும் இல்லை.

"அண்டைக்குக் கஞ்சி எப்பிடி இருந்தது?" என்று இவரைக் கேட்டேன்.

"தேவாமிர்தம்" என்றார். கடல் தண்ணீரையே குடித்துக் கிடந்தவருக்கு எது கொடுத்தாலும் தேவாமிர்தமாகத்தான் இருந்திருக்கும். அதை நான் சொல்லவில்லை. புதுப் பெண்.

அதனால் விஷயம் இதுதான். அந்தக் கஞ்சியைக் குறை சொல்லிவிட்டுக் கடலுக்குப் போக எவருக்கும் துணிவில்லை. முகத்தைச் சுளித்தாலே நேர்த்தியில் கறை படும் என்ற பயம். இவரும், வள்ளத்துக்குப் போகிறவர்களும் பேணியை வாங்கி, கண்ணை மூடாமல், மூச்சை அடக்கி, ஒரு இழுப்பில் குடித்து, ஒரு கடி பனங்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லது, பெரியவர்" என்பார்கள். நானும் பழகினேன். மூன்று மாதத்தில் என் முகம் சாமியார் முகம் மாதிரி ஆகிவிட்டது.

உண்மையில் அந்த உப்பு ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்திருக்கிறது. மாமா கரைவலைச் சொந்தக்காரராக, சம்மாட்டியாக இருந்த காலத்தில் வலை இழுக்கிறவர்கள், அவர்கள் பிள்ளைகள், அக்கம்பக்கம் என்று பெரிய கிடாரம் நிறையக் கஞ்சி வேகும். அதற்கு ஐந்து பிடி அளவு. பிறகு கரைவலை போனது. சண்டை வந்தது. சிலர் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனார்கள், சிலர் மடு மாதா கோயிலில் அடைக்கலம் தேடினார்கள், சிலர் வெளிநாட்டுக்குப் போனார்கள். கிடாரம் சின்னக் கிடாரமாகி, சின்னக் கிடாரம் பானையாகிவிட்டது. பானை சிறுத்ததே தவிர, தேவ இரகசியம் ஐந்தில் ஒன்று குறையவில்லை. பிடியும் குறையவில்லை.

"போனவையின்ர உப்பையும் நாங்கள்தான் குடிக்கிறம்" என்பா மாமி.

மாமாவுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. கஞ்சியை வாளியில் ஊற்றி மூடிக்கொண்டு கரைக்கு நடக்கும்போது, எங்கள் வாசல் படலையைத் தாண்டி முதல் எதிர்ப்படுகிறவருக்கு முதல் பேணி. அது யாராகவும் இருக்கலாம். கள்ளுச் சீவுகிறவர், மீன் ஏற்ற வந்த லொறிக்காரர், ஒருமுறை மாமாவோடு வேலி வழக்குப் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர். அவரும் வாங்கிக் குடித்தார், அடுத்த நாள் வழக்கை விட்டுவிட்டார். கஞ்சியின் அருளாலா, இன்னொரு பேணி வராமல் இருக்கவா என்று தெரியாது.

ஆமி வந்து கடற்கரை ஒழுங்கையின் முனையில் மண்மூட்டை அடுக்கிக் காவலுக்குச் சென்றி போட்ட பிறகு, எங்கள் படலையைத் தாண்டி முதல் எதிர்ப்படுகிறவன் எந்த நாளும் சென்றியில் நிற்கிறவன்தான். மாமா அவனுக்கும் பேணியை நீட்டினார். ஊரில் இதைப் பற்றி முணுமுணுப்பு வந்தது. ஆமிக்குக் கஞ்சி ஊற்றுகிறார் என்று இயக்கப் பெடியளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இவர் கேட்டார்.

"முதல் ஆள் முதல் ஆள்தான்" என்றார் மாமா. "ஆளைப் பாத்துக் குடுக்கிறதெண்டால் அது தருமமில்லை, எலெக்சன்."

சென்றிக்காரர்கள் சிரித்தபடி வாங்குவார்கள். நான் பேணிக் கூடையோடு பின்னால் போகிறவள். அதனால் மாமா பார்க்காததை நான் பார்ப்பேன். மாமா நாலு அடி தள்ளிப் போனதும் அவர்கள் அதை மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஊற்றுவார்கள். அங்கே ஒரு கழுதை வேளைக்கே வந்து காத்துக்கொண்டு நிற்கும். மன்னார்க் கழுதைக்கு உப்பு என்றால் உயிர். அந்தக் கஞ்சியை மனதார விரும்பிக் குடித்த ஒரே சீவன் அதுதான்.

இனி அந்தத் தவக்கால வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

தவக்காலம், அதிலும் வெள்ளி, அதிலும் துக்க தேவ இரகசியம். மாமா அன்றைக்குச் சிலுவை சுமந்துபோகிற இடத்தில் அப்படியே உறைந்துபோனார். குசினியிலிருந்து வந்த புகையில் மாமி இருமினா. "இண்டைக்குக் கஞ்சியும் சேர்ந்து பாடுபட்டிட்டுது" என்றா. வாளியைத் தூக்கிக்கொண்டு மாமா முன்னால் நடக்க, பேணிக் கூடையும் பனங்கட்டியுமாக நான் பின்னால் நடந்தேன். வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

சென்றியில் பழைய முகம் ஒன்றுகூட இல்லை. இரவோடு இரவாக ஆட்கள் மாறியிருந்தார்கள். கடலுக்குப் போகப் பாஸ் வாங்குவதற்காக ஆண்கள் வரிசையில் நின்றார்கள். இவரும் நின்றார். மாமா வழக்கம்போல வாளியை இறக்கி, ஒரு பேணியை நிறைத்து, முன்னால் நின்ற சிப்பாயிடம் நீட்டினார். மீசை அரும்பின பெடியன். பேணியை வாங்காமல் துவக்கைக் கொஞ்சம் உயர்த்தினான்.

"மொக்கத?" என்றான், என்ன இது என்று சிங்களத்தில்.

"கெந்த, மாத்தையா. கஞ்சி."

எங்கேயோ ஒரு சென்றியில் தேத்தண்ணீரில் எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள் என்று அந்த நாட்களில் ஒரு கதை உலாவியது. உண்மையோ பொய்யோ, அந்தக் கதை அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவன் பேணியையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தான்.

"நீ குடி" என்றான் கொச்சைத் தமிழில். "முதல் நீ குடி."

"நான் குடிக்கிறேல்லை, மாத்தையா."

"ஏன் குடிக்கிறேல்ல? நீதானே காச்சினது?"

நியாயமான கேள்வி. நாங்களெல்லாம் வருடக்கணக்காகக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி. மாமா பூசை என்றார், நேர்த்தி என்றார், மகன் என்றார், கோயிலைக் காட்டினார், கடலைக் காட்டினார். அவனுக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். காய்ச்சியவனே குடிக்கப் பயப்படுகிறான். துவக்கில் கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

"அப்பா, குடியுங்கோ!" என்று இவர் வரிசையிலிருந்து கத்தினார்.

மாமா திரும்பி மகனைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த மனிசனுக்கு அது ஒரு வாய்க் கஞ்சி இல்லை. அதைக் குடித்தால் மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். அவர் மெல்லத் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று.

கத்தியதால் மகன் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவன் போய் இவரைச் சட்டையில் பிடித்து இழுத்துவந்து மணலில் முழங்காலில் இருத்தினான். கூடையில் பேணிகள் கடகடவென்று அடித்தன. சத்தம் கேளாமல் கூடையை வயிற்றோடு அணைத்தேன்.

"அப்பா" என்றார் இவர், இப்போது கத்தாமல். "கடல் பிறகு கொண்டுபோறது கிடக்கட்டும். இப்ப இஞ்சயே போயிடுவன் போல கிடக்கு. குடியுங்கோ."

மாமா சிலுவை அடையாளம் வரைந்தார். பேணியை இரண்டு கையாலும் வாய்க்குக் கொண்டுபோய் ஒரு பெரிய மிடறு இழுத்தார்.

இவ்வளவு காலத்தில் அவர் தன்னுடைய கஞ்சியைக் குடித்தது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கடவுள் கொடுத்தது பழக்கமில்லாத நாக்கு. கண் இரண்டும் பிதுங்கின. முகம் ஒரு பக்கமாகக் கோணியது. கன்னம் உப்பியது. விழுங்கத் தொண்டை விடவில்லை. துப்பவும் முடியாது, கர்த்தர் தந்தது. வாயில் கஞ்சியோடு, கண்ணால் நீர் கொட்ட, உடம்பு குலுங்க நின்றார்.

"வச! வச!" என்று கத்தினான் சிப்பாய். வச என்றால் நஞ்சு. அவ்வளவு சிங்களம் எனக்கும் தெரியும். மூன்று துவக்கும் நிமிர்ந்தன.

அதற்குப் பிறகு நான் யோசித்துச் செய்ததாக ஒன்றும் இல்லை. கூடையைக் கீழே போட்டேன். வாளி மூடியைத் திறந்து ஒரு பேணி நிறைய அள்ளினேன். அடிப்பிடித்த மணம் மூக்கில் ஏறியது. எல்லாரும் பார்க்க, ஒரே இழுப்பில் குடித்தேன். இன்னொரு பேணி அள்ளினேன். அதையும் குடித்தேன். வாயைத் துடைத்து, பனங்கட்டியைக் கடித்து, சிரித்தேன். முகம் பழகின முகம். அதில் ஒரு சுளிப்பு இல்லை.

முழங்காலில் இருந்தபடியே இவர் கையை நீட்டினார். கொடுத்தேன். குடித்தார். பிறகு எங்கள் வள்ளத்தை ஓட்டுகிற தண்டையல் வரிசையை விட்டு மெதுவாக வந்து ஒரு பேணியை எடுத்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். துவக்குகளுக்கு முன்னால் எங்கள் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக, நன்மை வாங்கப் போகிறவர்கள் மாதிரி வந்து, அந்தக் கஞ்சியைக் குடித்து, "நல்லது, பெரியவர்" என்று சொல்லிவிட்டுப் போய் வரிசையில் நின்றார்கள். ஒரு முகமும் கோணவில்லை. எங்களுக்கு இவ்வளவு காலமும் கிடைத்த பயிற்சி எதற்கென்று அன்றைக்குத்தான் விளங்கியது. மாமா அதற்குள் எப்படியோ விழுங்கிவிட்டார்.

சிப்பாய் துவக்கைத் தாழ்த்தினான். இவ்வளவு பேர் குடித்ததைத் தான் குடிக்காமல் விடுவது மானக்கேடு என்று நினைத்தானோ என்னவோ, அவனும் ஒரு பேணி வாங்கி ஒரு மிடறு குடித்தான். அவன் முகமும் மாமாவின் முகம் போன மாதிரியே போனது. இருமினான். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். அவன் எங்கள் வரிசையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"ஒவ்வொரு நாளும்?"

"ஓம்" என்றேன்.

பேணியைத் திருப்பித் தரும்போது அவன் முகத்தில் சந்தேகம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. பாஸ் எல்லாருக்கும் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். எழுந்து நின்ற இவரின் முழங்காலில் ஒட்டியிருந்த மணலை அவனே தட்டிவிட்டான்.

மாமா மகனின் கையைப் பிடித்தார். "இண்டைக்குப் போகாதை மகன். நான் வாய் வைச்சிட்டன்" என்றார். வீட்டில் உலைக்கு அரிசி முடிந்திருந்தது. இவர் கையை மெல்ல விலக்கிவிட்டு வள்ளத்தில் ஏறினார். கோயிலில் பூசைக்கு மணி அடித்தது. மாமா போகவில்லை. எனக்குத் தெரிய அவர் பூசைக்குப் போகாத முதல் நாள் அது. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்தின் நிழலில் போய் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். பயம் எனக்கும்தான். என்ன இருந்தாலும் நானும் அந்த வீட்டுக் கஞ்சி குடித்தவள்.

வள்ளம் கண்ணுக்கு மறைந்த பிறகு மாமா கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"பிள்ளை, இவ்வளவு காலமும் இதையோ குடிச்சனீங்கள்?"

"ஓம் மாமா."

"எல்லாருமோ?"

"எல்லாரும்தான் மாமா."

"ஒருத்தரும் சொல்லேல்லையே."

"உங்கட கஞ்சியாலதான் இவையள் திரும்பி வருகினம் எண்டு எல்லாரும் நம்புகினம், மாமா" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அவரில் வந்த அன்பு என் சொந்த அப்பாவில்கூட வந்ததில்லை. அவர் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு அழுதார். துக்க தேவ இரகசியத்துக்கு அழுகிற அழுகை அல்ல. அதை நான் நன்றாக அறிவேன். இது வேறு.

உச்சி வெயிலுக்கு வள்ளம் வந்தது. முட்ட முட்டப் பாரை மீன். அந்த மாரிக்கே அப்படி ஒரு மீன்பாடு விழவில்லை. மாமி தலையில் கை வைத்து, "வாய் வைச்சதுக்கு இவ்வளவு மீன் எண்டால், இந்த மனிசன் முந்தியே ஒரு மிடறு குடிச்சிருக்கலாமே!" என்றா. மாமா சிரிக்கவில்லை. இவர் தரையில் இறங்கியதும் மாமா இவரின் தலையைத் தொட்டுப் பார்த்தார், ஈரமா என்று பார்ப்பது போல.

அடுத்த நாள் விடிய அவர் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. செபமாலை கையில் இருந்தது. உப்புச் சட்டியை என் பக்கமாகத் தள்ளினார்.

"ஒருநாள் பிசகினதுக்காக நேர்த்தியை விடேலாது. நான் இனியும் வாய் வைக்கமாட்டன். உப்பு உன்ர பொறுப்பு. உனக்குச் சுவாமி சொன்ன புதுச் சட்டம் இருக்குத்தானே, நீ பாத்துப் போடு."

சனிக்கிழமை, மகிமை தேவ இரகசியம். அரிசி பதமாக மலர்ந்தது. நான் இரண்டு பிடி போட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கஞ்சி நான் பிறகும் குடித்ததில்லை. பயறும் பாலும் முசுட்டை இலையும் ஒன்றோடொன்று சேர்ந்து, உடம்பெல்லாம் இதமாக இறங்கியது. இந்த மனிசன் இவ்வளவு காலமும் எப்பேர்ப்பட்ட கஞ்சியை உப்புக்குள் ஒளித்து வைத்திருந்தார்! பெருமையோடு கரைக்குக் கொண்டுபோனேன். சென்றியில் நேற்றைய பெடியன் என்னைக் கண்டதும் வேண்டாம் என்று கையை ஆட்டினான். மாமா மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி வைக்கக் கோயில் பக்கம் போயிருந்தார்.

தண்டையல் பேணியை வாங்கி வழக்கமான மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார். பாதியில் நிறுத்தினார். பேணிக்குள்ளே பார்த்தார்.

"பிள்ளை, பெரியவருக்கு என்ன?"

"ஒண்டுமில்லையே. ஏன்?"

"கஞ்சி நல்லா இருக்கு" என்றார். செத்தவீட்டுச் செய்தி சொல்கிற குரல் அது.

மற்றவர்களும் குடித்துப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் நிம்மதி இல்லை. ஒருவர் பேணியைக் கூடைக்குள் திருப்பி வைத்தார். தண்டையல் சால்வையை உதறித் தோளில் போட்டார். "இண்டைக்குப் போகாமல் விடுவம்" என்றார். இவரும் வள்ளத்தைத் தள்ளாமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். நேற்றுத் துவக்குக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற ஆண்கள் இவ்வளவு பேரும் ஒரு நல்ல கஞ்சிக்குப் பயந்துபோய் நின்றார்கள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். மடி நிறைய உப்போடு வந்தேன். அவர்கள் பார்க்க ஒரு பிடி, இரண்டு பிடி, மூன்று பிடி என்று வாளியில் போட்டு அகப்பையால் கலக்கினேன். தண்டையல் ஒரு மிடறு குடித்தார். தோள் இறங்கியது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டார். மற்றவர்களும் குடித்தார்கள். ஒவ்வொருவராக "நல்லது, பெரியவர்" என்றார்கள், பெரியவர் அங்கே இல்லாமலே. வள்ளம் இறங்கியது.

மாமா கோயிலிலிருந்து நேராகக் கரைக்கு வந்தார். வெறும் வாளியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"உப்புச் சரியாமோ பிள்ளை?"

"ஓம் மாமா. சரியாம்."

"உன்ர கைதான் கை" என்றார். அதுவரை அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. திங்கட்கிழமைகளில்கூட.

அவர் கண் மூடும்வரை அந்தக் கஞ்சிக்கு உப்புப் போட்டது நான்தான். அவர் என் கையைப் பார்க்காமல் செபமாலை சொல்வார், நான் பக்கத்தில் இருப்பேன். இரண்டாம் இரகசியம் முடிய இரண்டு பிடி போட்டு, அகப்பையில் தொட்டு ருசி பார்ப்பேன். சரியாக இருக்கும். பிறகு மற்ற மூன்றையும் போடுவேன்.